டார்ச் பிடித்த மாமாவுக்கு

மாமா,

இன்று காலை குசினியில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருக்கிற அலமாரியைத் திறந்தேன். பாருங்கள், சமையலறை என்று எழுத வேண்டிய தூத்துக்குடிக்காரி குசினி என்று எழுதுகிறேன். எல்லாம் உங்களால் வந்தது. ஊறிப்போன பலகையின் வாசம் முகத்தில் அடித்தது. குழாய் எத்தனை நாளாகச் சொட்டியதோ, பிளைவுட் உப்பிக் கிடந்தது. சாமான்களை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, தரையில் படுத்துக் கையை உள்ளே விட்டு வாஷரை மாற்றினேன். பத்து நிமிஷ வேலைதான். ஆனால் எழுந்து உட்கார்ந்த பிறகு அடுத்த வேலை ஓடவில்லை. அந்த வாசம் என்னை நேரே நம் மோட்டார் ஹோமின் தரைக்குக் கொண்டுபோய்விட்டது. மேலே நீங்கள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். யாழ்ப்பாணத்தில் நீங்கள் பார்த்து வைத்திருந்த பெண்ணை விட்டுவிட்டு, உங்கள் மகன் சிட்னியில் ஓர் இந்தியாக்காரியை, அதுவும் வேதக்காரியை, மாதா கோயிலில் மோதிரம் மாற்றிக் கட்டிக்கொண்டார். அதற்குத் தண்டனையாக ஒரே வீட்டில் இருந்துகொண்டே என்னோடு நேரே ஒரு வார்த்தை நீங்கள் பேசவில்லை. திட்டியிருந்தாலும் பரவாயில்லை, அதுவும் இல்லை. "தம்பி, அவவிட்டச் சொல்லு, சோறு காணுமெண்டு" என்பீர்கள். சோறு போதும் என்று சொல்லத்தான் அது. சோற்றுக் கரண்டியோடு நான் உங்கள் முன்னாலேயே நிற்பேன். அவர் வேலைக்குப் போயிருந்தால் டிவியைப் பார்த்துச் சொல்வீர்கள்: "ஜன்னல் திறந்து கிடக்கு. குளிர் வருது." நான் மட்டும் சளைத்தவளா? "எழுந்து சாத்தினா ஜன்னல் வேண்டாம்னா சொல்லும்?" என்று ஃப்ரிட்ஜிடம் கேட்பேன்.

முதல் வருஷம் அது சிரிப்பாக இருந்தது. பிறகு சிரிப்பு வரவில்லை. பிள்ளை பிறந்து ஆஸ்பத்திரியில் உங்கள் கையில் கொடுத்த அன்றும் நீங்கள் அவளைத்தான் கொஞ்சினீர்கள். சுகமாக இருக்கிறாயா என்று என்னைக் கேட்கவில்லை. நீங்கள் போன பிறகு போர்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். ஒரே ஒரு தடவை என் முகத்தைப் பார்த்து ஏதாவது பேசிவிட மாட்டாரா என்று அவ்வளவு ஏக்கம் எனக்கு. இதை உங்கள் மகனிடம்கூட நான் சொன்னதில்லை.

கட்டில், அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கிற அந்தப் பழைய மோட்டார் ஹோம் வண்டியை வாங்கியபோது வென்ட்வேர்த்வில் தமிழ்க் கடைகளில் எல்லோரும் சிரித்தார்கள். மெல்பேர்ணில் இருக்கும் உங்கள் தங்கச்சியைப் பார்க்க வேண்டும், ஆனால் கண்டவன் படுத்த மோட்டல் கட்டிலில் படுக்க மாட்டேன் என்று அடம் பிடித்தது நீங்கள்தான். ஜூலைக் குளிரில் கிளம்பினோம். மறுநாள் காலை, பாதி வழியில் இரவுக்கு வண்டியை நிறுத்தியிருந்த ஒரு கேரவன் பார்க்கில், வெந்நீர் வரவில்லை. தரைவிரிப்பு சொதசொதவென்று நனைந்திருந்தது. நீங்கள் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். "சீற்றுக்குக் கீழ அரிசிச் சாக்கைத் தள்ளினது ஆர்? அதுதான் பைப்பை நெரிச்சிருக்கு. தம்பி, கேட்டுப் பார்."

சாக்கை வைத்தது நான்தான். அதனால்தான் பைப் வெடித்ததோ என்று எனக்கே பயமாக இருந்தது.

உங்கள் மகன் காஸை நிறுத்தி, பம்ப்பை அணைத்து, ஹீட்டரில் இருந்த தண்ணீரை வெளியே திறந்துவிட்டார். ஆனால் குழாய் மாட்டியிருந்த பின்பக்கத்தை அடைய சீற்றுக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டைதான் வழி. அவர் கை முழங்கையோடு நின்றுவிட்டது. உங்களுக்குக் குனியவே வயிறு விடவில்லை. என் கைதான் தோள் வரை போனது. குழாய் வளையும் இடத்தில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் எல்போவில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. பரமட்டாவில் குழாய்ச் சாமான் கடைக் கவுண்டரில் நாளெல்லாம் நிற்கிறவளுக்குத் தொட்டாலே அளவு தெரியாதா? "அரை இஞ்ச் எல்போ. பித்தளையில வாங்கிட்டு வாங்க. வெள்ளை டேப்பும் வேணும். அதுக்குள்ள பழசை நான் கழட்டி வைக்கிறேன்" என்றேன். அவர் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு டவுனுக்கு நடந்தார்.

வண்டிக்குள் நீங்களும் நானும் மட்டும்.

மேலே இருந்த டிராயரை உருவினால் டார்ச் அடித்து எல்லாவற்றையும் பார்க்கலாம், தொட முடியாது. கீழே படுத்தால் தொடலாம், பார்க்க முடியாது. கண் உங்களிடம், கை என்னிடம். நடுவில் சேதி சொல்ல ஆள் இல்லை. டார்ச்சோடு நெடுநேரம் நின்றீர்கள். பிறகு உங்கள் முருகனைத் துணைக்குக் கூப்பிட்டீர்கள்.

"முருகா, நட்டு இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்."

நனைந்த கம்பளத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு நானும் சொன்னேன்: "மாதாவே, யாரோட வலப்பக்கம்?"

"முருகா, கீழ படுத்திருக்கிற ஆளின்ர வலம்."

"மாதாவே, ஸ்பேனர் பிடிச்சிருச்சு."

"அப்பனே, அந்தப் பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும்."

"அது எனக்குத் தெரியும்னு அவருகிட்ட சொல்லு தாயே."

முருகனும் மாதாவும் அன்றைக்கு ஒரு நட்டைக் கழற்றினார்கள் மாமா. எனக்கு விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்தது. நான் ஸ் என்றதும் டார்ச் வெளிச்சம் சட்டென்று கிட்டே வந்தது. அதை நான் கவனித்தேன்.

நட்டு கழன்றும் எல்போ வரவில்லை. மேலே ஏதோ தடுத்தது. கையை இன்னும் நீட்டித் தடவினேன். பலகை. அதன் நுனியில் இரும்பு, இரும்பில் பல். தேங்காய் துருவுகிற அந்தப் பல்லைத் தொட்டால் எந்தத் தமிழச்சிக்கும் தெரியும். இறந்துபோன மாமி உட்கார்ந்து துருவிய பலகை, நீங்கள் திருவலை என்று சொல்வது. "இப்ப பாக்கெட்டில வருது அப்பா, அது வேண்டாம்" என்று உங்கள் மகன் வீட்டிலேயே இறக்கி வைத்திருந்தார். நீங்கள் யாருக்கும் தெரியாமல் திரும்ப ஏற்றி, டிராயருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தீர்கள். சிட்னியிலிருந்து ஒவ்வொரு குலுக்கலுக்கும் அதன் கால் எல்போவில் இடித்துக்கொண்டே வந்திருக்கிறது.

மேலே முருகனைக் காணோம்.

எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. ஏழு வருஷத்துக்கும் சேர்த்துப் பதில் என் கையில் கிடைத்துவிட்டது. திருவலையை மேலே தள்ளிக் கொடுத்துவிட்டு, ஒரு கை பார்த்துவிடலாம் என்றுதான் எழுந்தேன். நீங்கள் அதைக் கட்டியிருந்த சாரத்தின் நுனியால் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். தண்ணீர் பட்ட இடத்தையெல்லாம் திரும்பத் திரும்பத் துடைத்தீர்கள். மாமி போன பிறகு நீங்கள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை, ஆனால் உதடு நடுங்கியது. நான் திரும்பவும் தரையில் படுத்து எல்போவைக் கழற்றினேன். நீங்கள் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வெளியே பார்த்தபடி உட்கார்ந்தீர்கள்.

உங்கள் மகன் வந்ததும் கேட்டார், "என்னத்தால வெடிச்சது? அரிசிச் சாக்கோ?"

"பழைய பிளாஸ்டிக்ங்க. காஞ்சு போய் வெடிச்சிருக்கு" என்றேன்.

நீங்கள் எழுந்தீர்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து திருவலையை இழுத்து அவர் முன்னால் வைத்தீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, என் கண்ணைப் பார்த்தீர்கள்.

"எனக்காக ஏன் பிள்ளை பொய் சொல்லுறீர்?"

எத்தனை கேள்விகளை நான் கற்பனை செய்து வைத்திருந்தேன், மாமா. இது அதில் இல்லை. "உங்களுக்காகச் சொல்லாம வேற யாருக்காகச் சொல்றது?" என்று வாய் தானாகக் கேட்டுவிட்டது. உங்கள் மகன் எல்போவைக் கையில் வைத்துக்கொண்டு நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். புது எல்போவைப் பூட்டியபோது முருகனுக்கு லீவு. "பிள்ளை, கொஞ்சம் இடம். ஓம், அதுதான். கை கவனம்" என்றீர்கள். வெந்நீர் வந்ததும் முதலில் என்னைக் குளிக்கச் சொன்னீர்கள்.

அதற்குப் பிறகு உங்கள் வாயை மூடத்தான் ஆள் வேண்டியிருந்தது. கவுண்டரில் கூட்டம் நெரியும்போது கடைக்கு ஃபோன் வரும். "வேலையோ பிள்ளை? ஒண்டுமில்லை, சும்மா எடுத்தனான்." முதலாளி முறைப்பார். பத்து வருஷம் அப்படிப் பேசித் தீர்த்தீர்கள். ஆஸ்பத்திரியில் கடைசியாக நான் "போயிட்டு வர்றேன் மாமா" என்றபோதும், "ஓம், கவனமாப் போட்டு வாரும்" என்றீர்கள்.

ஏன் ஏழு வருஷம் பேசவில்லை என்று ஒருநாள் கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? கொஞ்சம் யோசித்துச் சொன்னீர்கள்: "முதல் வருஷம் கோபம் பிள்ளை. மற்றதெல்லாம் வெட்கம். எப்பிடித் தொடங்கிறதெண்டு தெரியேல்ல."

இப்போது உங்கள் பேத்திக்கு இருபது வயது. ஒரு பையனைக் கூட்டி வருகிறாள், வெள்ளைக்காரப் பிள்ளை. மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்து என் எதிரிலேயே உட்கார்ந்தான். "அவனுக்கு டீ வேணுமான்னு கேளு" என்று நான் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆமாம், நான்தான். அவள் என்னை முறைத்துவிட்டு அவனிடம் கேட்பாள். இரண்டாம் வாரமே எனக்குக் கோபம் போய்விட்டது, மாமா. மிச்சம் என்னவென்று உங்களுக்குத் தெரியும்.

இன்று மத்தியானம் அவன் வந்தான். உங்கள் பேச்சை நினைத்துக்கொண்டே போய் அவன் முன்னால் நின்றேன். முகத்தைப் பார்த்து, டீக்குச் சீனி எத்தனை கரண்டி என்று ஆங்கிலத்தில் நானே கேட்டேன்.

எழுந்து நின்றுவிட்டான். "ரெண்டு, அன்ரி" என்றான், தமிழில்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே அவளிடம் கேட்டுப் படித்து வைத்திருந்தானாம், நான் கேட்டால் சொல்வதற்கு.