வாகன அறையில் வௌவால் குட்டிகள்

மே 12, செவ்வாய்

கத்திரி. ஏழு மணிக்கே முதுகு நனைந்துவிட்டது. விடைத்தாள் திருத்தல், மூன்றாம் நாள். விலங்கியல் இரண்டாம் ஆண்டில் ஒரு பெண், வௌவால் முட்டையிடும் என்று எழுதியிருக்கிறாள். கோபம்கூட வரவில்லை. சிவப்புக் கோடு, அடுத்த தாள்.

பதினொன்றுக்குக் கோதண்டத்தின் போன். திருக்கழுக்குன்றம் பக்கத்து ஊர்க் கோயில் ஒன்றின் தர்மகர்த்தா. ஓய்வு பெற்றவர், எதற்கும் அவசரம். அவர்கள் குளக்கரை மண்டபத்தில் சாமி வாகனங்கள் வைக்கும் அறையின் கூரையில் இலைமூக்கு வௌவால்கள். குதிரை வாகனத்தின் தலை முழுக்கப் புழுக்கை. கும்பாபிஷேகம் வருகிறது, கொல்லாமல் வெளியேற்ற வழி சொல்லுங்கள் என்று கார்த்திகையில் வந்தார். எழுதிக் கொடுத்தேன்.

"மேடம், நீங்க எழுதினபடியே முடிச்சாச்சு. நேத்து சாயந்தரம் எல்லாம் வெளிய போனதும் ஜன்னலுக்கு, கதவுக்கு மேல, எல்லாத்துக்கும் கம்பிவலை அடிச்சாச்சு."

நேற்றா? தை மாதமே முடித்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். முகூர்த்தம் குறித்த பிறகுதான் வேலை தொடங்கியதாம்.

ஏதோ உறுத்தியது. இன்னும் நாற்பது தாள். நாளை போகலாம்.

வாங்க: உளுந்து, முட்டிக்குத் தைலம், டார்ச்சுக்கு பேட்டரி.

சாப்பிட்ட பின் கணினியில் அந்தக் கடிதத்தைத் தேடினேன். முதலில் எழுதியது இரண்டு பக்கம். இரண்டாம் பக்கத்தில்: 'குட்டி ஈனும் காலத்தில் அடைக்கக் கூடாது. தாய் இரை தேடப் போகையில் குட்டியை உள்ளேயே விட்டுப் போகும்.'

"ஒரே பக்கமா குடுங்க மேடம், கமிட்டியில ரெண்டாவது பக்கத்தை யாரும் திருப்ப மாட்டாங்க" என்றார் கோதண்டம். இந்தப் பத்தியை வெட்டினேன். தையில்தானே அடைக்கப் போகிறார்கள் என்று.

மே 13, புதன்

ஒரு நாள் விடுப்பு. கேளம்பாக்கத்தில் பஸ் ஏறி, திருப்போரூரில் மாறி, போய்ச் சேர ஒன்பதரை.

மண்டபத்து நிழலில் கொத்தனார் ஏழுமலையும் அவர் மனைவி அஞ்சலையும். அவள் மணல் சலித்துக்கொண்டிருந்தாள்.

"வாம்மா. உள்ள இன்னாமோ நேத்துலேர்ந்து கீச்சு கீச்சுன்னு கத்திகினு கீது. இவரு எலின்றாரு."

"எலிதான். வூட்ல கேக்கற சத்தம் பத்தலியா உனுக்கு?"

"வூட்ல கத்தறது நீ."

என் கடிதத்தை ஏழுமலை லேமினேட் செய்து தூணில் மாட்டியிருந்தார். மழை பட்டாலும் அழியாதாம். மூன்றாம் எண்ணில் விரல் வைத்தார்.

"கடைசி வௌவால் போயி அரை மணி கழிச்சு அடைன்னு கீது. நான் முக்கா மணி நின்னேம்மா. ஒவ்வொரு ஆணி அடிக்கசொல்லோவும் டார்ச்சு அடிச்சுப் பாத்தேன். ஒண்ணு பறக்கல."

பறக்காது. அதற்கு இன்னும் வயதாகவில்லை.

கதவைத் திறந்தோம். கூரைக் கற்களின் இடுக்கில் கொத்துக் கொத்தாகக் குட்டிகள். முடி முளைக்காத சாம்பல் தோல், கட்டைவிரல் அளவு. அறுபத்து மூன்று வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். குதிரையின் முதுகில் நான்கு விழுந்து கிடந்தன. இரண்டு அசைந்தன. பால் குடித்து ஒன்றரை நாள். அதில் ஒரு நாள் என்னுடைய நாற்பது தாளுக்கு.

கோதண்டம் வந்தார். பார்த்தார். நேரே ஏழுமலையிடம்:

"ஏன்யா, உள்ள குட்டி இருக்கான்னு பாக்க மாட்டியா? மேடம் அவ்வளவு தெளிவா எழுதிக் குடுத்திருக்காங்க. கண்ணு எங்க இருந்துச்சு?"

ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் வலையை இன்றைக்கே எடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

வாகனங்களுக்கு வர்ணம் அடிக்க ஆள் வருகிறான், முடியாது என்றார் கோதண்டம். வௌவால் வயலுக்கு நல்லது, கோடைப் பட்டத்துச் சொர்ணவாரி நெல்லில் குருத்தைத் துளைக்கும் அந்துப்பூச்சிகளை இவைதான் தின்கின்றன என்றேன். ஓர் இரவில் இத்தனை ஆயிரம் பூச்சி என்று எல்லோரும் சொல்லும் கணக்கைச் சொல்லவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. தலையாட்டினார், அசையவில்லை. குட்டிகள் செத்தால் கும்பாபிஷேகத்தன்று நாறும் என்றேன். உடனே ஒத்துக்கொண்டார். இருபது வருடம் சூழலியல் பாடம் நடத்தியிருக்கிறேன்.

நான்கு மணிக்குள் வாகனங்கள் வெளியே, வலையும் வெளியே. குளத்துப் படியில் காத்திருந்தோம். வெளியே போன தாய்கள் திரும்பி வருமா என்று எனக்கு உறுதியில்லை. 6.50க்கு ஒன்று ஜன்னல் வரை வந்து திரும்பிப் போனது. சிமென்ட் வாசனையோ என்னவோ. மறுபடி வந்தது, உள்ளே போனது. பிறகு இரண்டு, மூன்று. ஏழரை வரை முப்பத்தெட்டு.

 

மே 14, வியாழன்

கணுக்கால் வீக்கம். லிஃப்ட் ஓடவில்லை. தாள்கள்.

மதியம் அஞ்சலையின் போன்.

"இவர வேலைக்கு வரவேணாம்னுட்டாங்கம்மா. உசுரு போன கையால யாகசாலை மேடை கட்டக்கூடாதாம். மேஸ்திரி வேற ஆளாம். டீக்கடையில அவனவன் 'இன்னா அண்ணாத்த, குட்டிங்கள உசுரோட பொதச்சிட்டியாமே'ன்றான். பேஜாரா கீதும்மா. நீ ஒரு வார்த்த சொல்லேன்."

சொல்கிறேன் என்றேன். நான் என்ன சொல்வேன் என்று அவள் நினைக்கிறாள்? அவர் நல்லவர், மன்னித்துவிடுங்கள் என்று நான் பெரிய மனதோடு சிபாரிசு செய்வேன் என்றா? அதற்கும் மனம் ஒரு நிமிடம் இடம் கொடுத்தது. எழுதி வைக்கிறேன்.

மே 15, வெள்ளி

கோயில் அலுவலகம். கோதண்டம், கமிட்டியில் இன்னும் இரண்டு பேர், மோர்.

தவறு என்னுடையது என்றேன். குட்டி பற்றிய பத்தியை வெட்டியது நான். ஏழுமலை கையில் இருந்த தாளில் அது இல்லவே இல்லை.

கோதண்டம் சிரித்தார். "நீங்க டாக்டரேட் மேடம். அவனைக் காப்பாத்தணும்னு சொல்றீங்க. புரியுது."

போனில் இரண்டு வடிவத்தையும் காட்டினேன். கண்ணாடி போட்டுப் படித்தார். மற்ற இருவரும் எட்டிப் பார்த்தார்கள்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மேடம். அவனை அவ்வளவு பேசிட்டேனே."

"ஆமாம்."

ஒருவர் மோர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். 

ஏழுமலை டீக்கடையில் இருந்தார். அங்கேயே, ஆட்கள் இருக்கும்போதே சொன்னேன். கேட்டுவிட்டு கிளாஸைக் கீழே வைத்தார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்மா. கெழவன் திட்டசொல்லோ நீ தரையப் பாத்த."

 என் டீயையும் தன் கணக்கில் சேர்க்கச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

உள்ளே இறந்தவை மொத்தம் பதினொன்று. அஞ்சலை பொறுக்கிக் குளக்கரையில் புதைத்திருக்கிறாள்.

மே 18, திங்கள்

கோதண்டத்தின் போன், உற்சாகம். "மேடம், எல்லாம் தானாவே போயிடுச்சு! குட்டியத் தூக்கிகிட்டே போயிடுச்சு!"

போகக்கூடியதுதான். தாயின் அடிவயிற்றில் பால் சுரக்காத இரண்டு காம்புகள் உண்டு, குட்டி வாயால் பிடித்துத் தொங்குவதற்கென்றே. பிடித்துக்கொள்ளும், தாய் பறக்கும். எங்கே போயின? பாழுங்கிணறா, கல்குவாரியா, யார் வீட்டு மாடியா? யாரும் கேட்கவில்லை. இந்தப் பக்கத்தில் இவை எந்த மாதம் ஈனும் என்றே ஒழுங்கான பதிவு கிடையாது. என்னிடமும்தான்.

ஏழுமலையைத் திரும்ப அழைத்திருக்கிறார்கள். ஆனால் வலையை அடிக்க மாட்டேன் என்கிறாராம். கோதண்டம் சலித்துக்கொண்டார்: "நீங்க வந்து பாத்தாத்தான் ஆணியத் தொடுவானாம். ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

மாலை ஐந்தரைக்குப் போனேன். வாசலில் ஏணியோடு நின்றார். வணக்கம் எதுவும் இல்லை.

"ஏறு. ஒரு இடுக்கு விடாம பாரு. ஒண்ணும் இல்லன்னு நீ சொல்லு, அப்பால நான் அடிக்கறேன்."

முட்டி வலியோடு ஏறினேன். ஏணியை அவரே பிடித்துக்கொண்டார். கூரை காலி. கற்களில் கறை மட்டும். வடக்கு ஓரம், மேற்கு ஓரம். இறங்கலாம் என்று இருந்தபோது கடைசி இடுக்கின் உள்ளே, கை எட்டாத ஆழத்தில், வெளிச்சம் பட்டதும் ஒரு குட்டியின் காது இரண்டும் திரும்பின.

"ஒண்ணு இருக்கு."

"உசுரோடயா?"

"உசுரோட."

வலைச் சுருளைக் காலால் ஓரம் தள்ளினார். எவ்வளவு நாள் ஆகும் என்று கோதண்டம் வெளியிலிருந்து கேட்டார். தெரியாது என்றேன். "அந்தம்மா தெரியாதுன்றாங்க, வுடு நைனா" என்றார் ஏழுமலை.

தாய் வருகிறதா என்று பார்க்கப் படியில் உட்கார்ந்தோம். 6.45, ஒன்றும் இல்லை. ஏழு, ஒன்றும் இல்லை. 7.10க்கு ஒன்று உள்ளே போனது.