போஞ்சிப் பாத்தியில வச்ச கம்பி

ஹுன்னஸ்கிரிய

என் தங்க மக கிருஷாந்திக்கு அம்மா எழுதுறது. நானும் அப்பாவும் ஒடம்புக்கு ஒரு கொறையும் இல்லாம இருக்கோம், மனசுதான் சரியில்ல, அங்க அந்த வெயில்ல நீ நல்லபடியா இருக்க மாரியாத்தாதான் தொண. போன்ல சொல்ல வழியில்ல புள்ள, லயத்துல ஒரு காம்பராவுல பேசினா ஆறு காம்பராவுக்கும் கேக்கும், அதான் திகனயில இருக்குற பாயிஸா டோஹாவுக்குத் திரும்பிப் போறான்னு தெரிஞ்சு அவ கையில குடுத்து விடுறேன். படிச்சதும் கிழிச்சுப் போட்டுரு.

நீ வெறகு பொறுக்கப் போன மேட்டு மலை இப்ப ஒரே காடு, கைவிட்ட தேயிலையெல்லாம் மரமா வளந்து மானாப்புல்லு மூடிருச்சு. அங்க பாறைக்கடியில ஒரு சிறுத்தை இருந்துச்சு. நாய் ரெண்டைத் தூக்குச்சே தவிர மனுஷர ஒண்ணும் செஞ்சதில்ல, கொழுந்தெடுக்கப் போறப்ப தகரத்தத் தட்டிக்கிட்டுப் போவோம், அது வெலகிப் போயிரும். உங்கப்பா என்ன பண்ணாரு, போஞ்சிக்காய்ப் பாத்தியப் பன்னி நோண்டுதுன்னு கம்பிச் சுருக்கு வச்சாரு. நம்ம பக்கம் மரமில்லைன்னு பக்கத்துத் தோட்டத்துக் கணேஸோட கொய்யா மரத்துல கட்டிட்டாரு. மஹய்யாவ ஊருக்குக் கல்யாணத்துக்குப் போறப்ப அத அவுத்துட்டு வாங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேட்டாத்தானே! திரும்பி வந்தா இடுப்புல கம்பியோட சிறுத்தை கெடக்கு. சனமெல்லாம் போனைத் தூக்கிக்கிட்டு நிக்குது, அது உறுமி உறுமிக் களைச்சிருச்சு. வனஜீவி டாக்டர் வந்து ஊசி போட்டு அவுத்தாரு, ஆனா பொழைக்கல. அது பெட்டைச் சிறுத்தை மக, மடியில பாலு. குட்டிங்க எந்தப் பாறைக்குள்ள கெடக்குதோ.

கம்பி கணேஸ் மரத்துல இருந்ததால அவரத்தான் பொலிஸ் கூட்டிப் போச்சு. அப்பா வாயே தொறக்கல. சொன்னா இவரு உள்ள போவாரு, சொல்லாட்டி செய்யாத குத்தத்துக்கு அந்த மனுஷன் கெடப்பாரு, முன்னால போனா கடிக்குது பின்னால போனா ஒதைக்குது. பீலியில தண்ணி புடிக்கப் போனாலும் என்னால தலை நிமிர முடியல. நேத்து கணேஸ் பொஞ்சாதி ஜெயராணி வந்து உங்கப்பா கையப் புடிச்சு, அண்ணே நீங்க நாலு பேரு மதிக்கிற ஆளு, நாளைக்கு ஸ்டேசனுக்கு வந்து எங்க ஆளு நல்லவருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு அழுதா. நான் செவுத்தப் பாத்துக்கிட்டு நின்னேன். அப்பா, வர்றேம்மான்னாரு. அவ போனப்புறம் ரெண்டு சாரமும் சட்டையும் துவாயும் எடுத்துப் பையில வச்சாரு. நல்லவருன்னு சொல்லிட்டு வர்றதுக்கு எதுக்குப் பைன்னு நான் கேக்கல. அவரோட பிரஷர் குளிசைய மட்டும் அதுல வச்சேன்.

நேரத்துக்குச் சாப்புடு, அந்த ஊட்டம்மாகிட்ட எதுத்துப் பேசாத, ஆத்தா உன்னக் கைவிட மாட்டா. ஞாயித்துக்கெழம நீ போன் எடுக்குறப்ப நான் மட்டுந்தான் பேசுவேன், பதறாத.

உன் அம்மா
பூமாதேவி