சீட்டில் இருந்த இரண்டு பெயர்

என் உயிரான அம்மாவுக்கு,

உன்னைக் கல்லறையில் வைத்து இருபத்தெட்டு நாளாகிறது. நாளை மறுநாள் முப்பதாம் நாள் பூசை. நைனா ராயபுரம் கோயிலில் சொல்லிவிட்டு வந்துவிட்டார். அதற்கு முன்னால் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எதிரில் உட்கார்ந்து சொல்ல ஏழு வருஷம் இருந்தது, எனக்குத்தான் வாய் வரவில்லை. என்ன பெண் நான், சொல்லு.

நம் சூசையைப் பற்றித்தான்.

எண்ணூரில் மின்சார நிலையத்துக்குப் புகைபோக்கி எழும்பிக்கொண்டிருந்த சமயம். தம்பிக்கு நாலரை வயசு. சிறுநீரகக் கோளாறில் முகமெல்லாம் வீங்கி, அதற்குத் தின்ற மாத்திரையில் உடம்பில் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் போனது. இரண்டு முறை நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தான். இரண்டாவது முறைதான் அந்த இளம் டாக்டர் நம்மை வரிசையாக உட்காரவைத்து, ஒவ்வொருவர் மூக்கிலும் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்தார். "நோவு அவனுக்கு, குச்சி எனக்கா?" என்று நைனா முறைத்தார். நீ சிரித்தாய். அப்படி நீ சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

முடிவு வாங்கிவர நான்தான் தனியாகப் போனேன். எனக்குப் பதினாறு வயசு. டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நிமோனியாக் கிருமி திடமான ஆளின் மூக்கில் சும்மா குடியிருக்குமாம், அவரை ஒன்றும் செய்யாதாம். இருமல், தும்மல், எச்சில் வழியாக இந்த மாதிரிப் பிள்ளையிடம் போய்விட்டால்தான் ஆபத்தாம். "இது யார் குத்தமும் இல்லம்மா. பாத்துப் பொழங்குங்க" என்றார். கிருமி இருப்பவர்கள் என்று அவர் கொடுத்த சீட்டில் இரண்டு பெயர் இருந்தது. ஒன்று உன்னுடையது. இன்னொன்று என்னுடையது.

வாசலிலேயே நீ கேட்டாய். "இன்னாடி சொன்னாரு டாக்டரு? யாருகிட்ட கீதாம்?"

"உங்கிட்டதாம்மா. இருமல்ல, எச்சில்ல ஒட்டிக்குமாம்" என்றேன். அத்தோடு நிறுத்திக்கொண்டேன். அந்த இங்கிலீஷ் சீட்டு என்னைத் தவிர வீட்டில் யாருக்கும் படிக்க வராது.

ஏன் மறைத்தேன்? என்னை நெட்டுக்குப்பத்துச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள், தம்பியை விட்டு இருக்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. ஏச்சு வாங்கப் பயந்தேன் என்பது மீதி.

சங்கரா மீனைப் பிட்டு உன் வாயில் போட்டு, நாக்கால் முள் தேடிப் பார்த்துவிட்டுத்தான் அவனுக்கு ஊட்டுவாய். நம் தெருவில் எல்லாத் தாய்மாரும் செய்வதுதான். அன்றோடு அதை விட்டாய். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நடையில் போய் உட்கார்ந்தாய். "ரெஜினா, இனிமே நீயே முள்ளு பாத்து ஊட்டுடி. உன் வாயி சுத்தம்" என்று தட்டை என் பக்கம் தள்ளினாய்.

ஊட்டினேன் அம்மா. என் வாயில் போட்டுப் பார்த்துத்தான் ஊட்டினேன். விரலால் பார்த்திருந்தால், "ஏண்டி, உனுக்குமா?" என்று நீ கேட்டிருப்பாயே.

"அம்மாக்கு எம்மேல கோவமாக்கா? கிட்டயே வரமாட்டேங்குது" என்பான் சூசை. நான் அடுத்த வாயை ஊட்டிவிடுவேன்.

மூன்றாவது முறை வந்த நிமோனியாவில் போய்விட்டான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் "அம்மா, தூக்கு" என்று கையை நீட்டினான். நீ இரண்டடி தள்ளி நின்றே அழுதாய். அப்போதாவது நான் சொல்லியிருக்கக் கூடாதா?

அதற்குப் பிறகு நைனாவுக்குக் கோபம் வந்தால், "புள்ளைய முழுங்கினவ" என்பார். நீ ஒரு வார்த்தை திருப்பிப் பேசியதில்லை. நானும் பேசவில்லை.

போன வாரம் அந்த டாக்டரைத் தேடிப் போய்க் கேட்டேன். அந்தக் கிருமி ஒருத்தர் மூக்கில் கொஞ்ச நாள் இருக்கும், போகும், இன்னொருத்தரிடம் வரும். கடைசிக் காய்ச்சல் யாரிடமிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். என்னிடமிருந்தே வந்திருக்கலாம் அம்மா. இனி அது தெரியப்போவதில்லை.

இன்று காலை காப்பி குடிக்கும்போது நைனா சொன்னார்: "உங்கம்மாவ நான் மன்னிச்சிட்டேண்டி." அவர் யார் உன்னை மன்னிக்க? அப்படிச் சொல்லவைத்தவள் நான்தானே.

நாளை மறுநாள் பூசை முடிந்து எல்லோரும் உன் கல்லறைக்கு வருவோம். அங்கே, நைனா எதிரில், சித்தி எதிரில், சீட்டில் என் பெயரும் இருந்தது என்று சொல்லுவேன். அடித்தாலும் சரி, இனி வீட்டுப் படி ஏறாதே என்றாலும் சரி. அவர் உன்னிடம் மன்னிப்புக் கேட்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரமாட்டேன். அவர் கேட்பதற்கு முன்னால் நானே உன்னிடம் மன்னிப்புக் கேட்பேன். இது சத்தியம்.

உன்னைத் தனியாகப் பழி சுமக்கவிட்ட உன் மூத்த மகள்,
சூசையின் அக்கா,
ரெஜினா