கத்தரிக்காய் நிறம் மாறாத மென்பொருள்

அக்கா,

இன்று காலை மன்னார்குடி மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நல்ல ஊதாவாக ஒன்று கையில் சிக்கியதும், அதை வெளிச்சத்துக்குத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைக்கார அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "பூச்சியெல்லாம் இல்லம்மா, தைரியமா எடுங்க" என்றார். பூச்சி பார்க்கவில்லை, நிறம் பார்க்கிறேன் என்றால் என்ன நினைப்பார்? பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நீங்களாக இருந்தால் அவரிடம் முழுக்கதையையும் சொல்லி, ஒரு சேலையையும் விற்றுவிட்டுத்தான் வந்திருப்பீர்கள்.

வீட்டிலிருந்தபடி சேலை வியாபாரம் தொடங்கிய புதிதில், துபாயில் வேலையிலிருந்த உங்கள் வீட்டுக்காரர், நம்ம அண்ணன், உங்களுக்கு ஒரு லேப்டாப் அனுப்பினார். பக்கத்து வீட்டுக்காரியான நான் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் படித்தவள் என்று எப்போதோ பெருமையடித்திருந்தேன். அந்தப் பாவத்துக்கு என்னைக் கூட்டாளியாக்கிக்கொண்டீர்கள். நீங்கள் இரண்டு கையாலும் சேலையை விரித்துப் பிடிப்பீர்கள். நான் போனில் படமெடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவேன். உங்கள் கூடத்தில் எங்கே நின்றாலும் பின்னாலிருக்கும் ஃப்ரிட்ஜும் படத்தில் விழுந்துவிடும். ஆரம்பத்தில் விசாரித்தவர்களில் பாதிப் பேர், அந்த ஃப்ரிட்ஜை விலைக்குத் தருவீர்களா என்றுதான் கேட்டார்கள்.

"இது சரிப்படாது புள்ள. படத்தைத் திருத்துற சாமான் ஏதாச்சும் ஏத்து. ஓசியிலயே கிடைக்குதாம்ல" என்றீர்கள்.

கிடைத்தது. ஒரு பக்கத்தைத் திறந்தால் அதில் 'டவுன்லோட்' என்ற பொத்தானே பலவிதமாக இருந்தது. இருப்பதிலேயே பெரிய பச்சைப் பொத்தானை அமுக்கினேன். படம் திருத்தும் மென்பொருள் வரவில்லை. அதற்குப் பதில், லேப்டாப்பைத் திறக்கும்போதெல்லாம் ரம்மி விளையாடக் கூப்பிட்டு ஒரு விளம்பரம் குதித்தது. "அல்லாவே, அவர் வந்து பாத்தா என்ன நினைப்பாரு! சீட்டாட்டம்ல வருது!" என்று அதன் மேல் துண்டைப் போட்டு மூடினீர்கள். கம்ப்யூட்டர் கடைக்காரர் அதைத் துடைத்துக் கொடுத்து, "எதை இறக்கினாலும் அதைச் செஞ்சவங்களோட சைட்டுலேருந்து மட்டும் இறக்குங்க" என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்தது, எதையும் இறக்காமல் இணையத்திலேயே திருத்தும் வகை. மதியம் முழுக்க உட்கார்ந்து ஃப்ரிட்ஜை அழித்தோம். சேமிக்கும்போது பார்த்தால், சேலைக்குக் குறுக்கே தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தது. பெயர் போக வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டுமாம். "நம்ம சேலையில அவன் பேரா? விடு, அவனே கட்டிக்கட்டும்" என்றீர்கள்.

மூன்றாவதாக வந்த போன் செயலியில்தான் மயங்கினோம். ஒரு தட்டு தட்டினால் போதும், கூடமே கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது. ஆர்டரும் குவிந்தது. குறுவை அறுப்பு முடிந்து, மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்த திருக்காட்டுப்பள்ளி அம்மா ஒருவர் மாம்பழ நிறச் சேலை வாங்கினார். சில நாளில் அந்தச் சேலையோடு பஸ் ஏறி நேரே உங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்.

"போட்டோவுல மாம்பழக் கலருங்க. பிரிச்சுப் பாத்தா காஞ்ச மஞ்சக்கிழங்கா இருக்கு. போட்டோவைக் காட்டி ஜாக்கெட்டுத் துணி எடுத்து, தச்சும் ஆச்சு. நாளன்னைக்கு நிச்சயம். நான் என்ன பண்ணட்டும்?" அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"போன் ஸ்கிரீனுக்கு ஸ்கிரீன் கலர் மாறும்ங்க" என்று நான் சமாளிக்கப் பார்த்தேன். நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள்.

"அதெல்லாம் இல்லம்மா. நாங்கதான் படத்தைப் பளபளன்னு ஆக்கினோம். தப்பு எங்க மேல."

இருந்த சேலைகளையெல்லாம் வாசல் வெளிச்சத்தில் பரப்பி, அந்த ஜாக்கெட்டை ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பார்த்தீர்கள். எதுவும் ஒத்துவரவில்லை. கடைசியில் உள்ளே போய், அண்ணன் பெருநாளுக்கு வாங்கிக் கொடுத்து நீங்கள் இன்னும் உடுத்தாத சேலையை எடுத்து வந்தீர்கள். அச்சு அசல் மாம்பழம். அந்த அம்மா வேண்டாமென்று மறுத்தும் கையில் திணித்து அனுப்பினீர்கள்.

"அண்ணன் கேட்டா என்னக்கா சொல்லுவீங்க?"

"இந்த மஞ்சக்கிழங்குச் சேலையைக் கட்டிக்கிறேன். அந்த ஆப்புல போட்டு மாம்பழமாக்கி அவருக்கு அனுப்பிடு. அதோட அந்த ஆப்பைத் தூக்கிப் போட்டுடு."

அப்படியே செய்தேன். 'சேலை எடுப்பா இருக்கு' என்று அண்ணனும் பதில் போட்டார்.

மறுநாள் அடுப்படியிலிருந்து ஒரு கத்தரிக்காயோடு வந்தீர்கள். "சேலை கலரு நமக்கே மறந்துபோயிரும். இது மறக்காது. இதைப் படமெடுத்து, கிடைக்கிற ஓசிச் சாமான் எல்லாத்துலயும் திறந்து, கை வைக்காம அப்படியே சேமி. எதுல இது கத்தரிக்காயாவே இருக்கோ, அதுதான் நமக்கு." ஒன்றில் அது பீட்ரூட் ஆனது. இன்னொன்றில் நாவல்பழம் ஆனது. கடைசியாக இறக்கிய ஒன்றில் மட்டும் கத்தரிக்காயாகவே இருந்தது. விளம்பரம் இல்லை, குறுக்கே பெயர் இல்லை. ஆனால் திரை முழுக்கப் பொத்தான்கள்.

"அக்கா, இதுல எதை அமுக்குறதுன்னே தெரியலையே."

"பழகிக்கலாம் புள்ள. சைக்கிள் மட்டும் பொறக்கும்போதேவா ஓட்டினே?"

பழகினோம். எதை அமுக்கினேனோ, ஒருமுறை பொத்தான்கள் மொத்தமும் காணாமல் போய், இருவரும் வெறும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். கடைசியில் ஓரங்களை வெட்டக் கற்றுக்கொண்டேன். ஃப்ரிட்ஜ் போனது. கூடவே உங்கள் முகமும் போனது. "ஊரெல்லாம் என் மூஞ்சியைப் பாக்கவா சேலை விக்கிறேன்? கழுத்தோட வெட்டு" என்பது உங்கள் உத்தரவு. குரூப்பில் இருந்தவர்களுக்கு நீங்கள் இரண்டு கைகள் மட்டும்தான்.

போன மழைக்காலத்தில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வரவில்லை. அண்ணன் துபாய் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். ஒருநாள் தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார். "அவ போட்டோ ஏதும் வச்சிருக்கியாம்மா? எங்கிட்ட பாஸ்போர்ட்டுக்கு எடுத்ததும், அந்த மாம்பழச் சேலையில எடுத்ததும்தான் இருக்கு. அந்த மாம்பழச் சேலைப் போட்டோவுல அவ மூஞ்சி வேற யாரோ மாதிரி வெளுத்துக் கிடக்கு."

வெட்டுவதற்கு முந்தைய படங்கள் எல்லாம் லேப்டாப்பில் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தேன். சேலைக்கு மேலே நீங்கள். ஒன்றில்கூட வாய் மூடியிருக்கவில்லை. எல்லாவற்றிலும் என்னைத் திட்டிக்கொண்டிருந்தீர்கள். அண்ணன் முதலில் சிரித்தார். பிறகு படங்களை மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். பச்சைச் சேலைப் படம் ஒன்றைக் காட்டி, அது வேண்டுமென்றார்.

"வாய் மூடின மாதிரி பண்ணித் தரவாண்ணே? இப்ப எனக்குப் பண்ணத் தெரியும்."

"வேணாம்மா" என்றார். "வாயை மூடிட்டா அது அவளாவே இருக்காது."

வியாபாரத்தை இப்போது நான் நடத்துகிறேன். பிடிக்க ஆளில்லாததால் சேலையைக் கொடியில் போட்டுத்தான் படமெடுக்கிறேன். கொடி வாயே திறப்பதில்லை, அக்கா. அந்த அமைதியில் எனக்குக் கை ஓடவில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் உங்கள் குரலில், பக்கத்து வீடு வரை கேட்கிற மாதிரி நானே சொல்லிக்கொள்கிறேன்: "ஆட்டாம எடு புள்ள!" அதற்கப்புறம்தான் படம் நேராக விழுகிறது.