கால் அளவெடுக்க ஓர் ஆள்

மார்ச் 3

இன்றும் கால் கடுக்க நின்றதுதான் மிச்சம். அருங்காட்சியகத்தில் என்னைச் சிலைக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். முழுக்கக் கல்தரை. காவலாளி உட்காரக் கூடாது, சுவரில் சாயக் கூடாது, கறுப்பு நிறத்தில் மூடிய காலணிதான் போட வேண்டும். சிலைகளுக்காவது பீடம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றினால் வலது சுண்டுவிரல் கன்றிப்போயிருந்தது. வெந்நீர் வைத்து, அதில் காலை முக்கிக்கொண்டே சாப்பிட்டேன். பார்க்க யாருமில்லை, அதனால் திட்டவும் யாருமில்லை.

மார்ச் 8

ஞாயிறு. மனைவி கூப்பிட்டாள். மகளின் பிரசவத்துக்கு மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவள். அந்தக் குழந்தை இப்போது தத்தித் தத்தி நடக்கிறதாம்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"வேற?"

"வேற என்ன, ஒண்ணுமில்ல."

காலைப் பற்றிச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. சொல்லி? அங்கே இருந்துகொண்டு அவள் என்ன செய்வாள்? அதற்குள் குழந்தை போனைப் பிடுங்கிக்கொண்டது. திரையில் அதன் நெற்றி மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

மார்ச் 14

இன்னொரு காலணிக் கடை. "சார், உங்க கால் அகலம். போடப் போட விட்டுக்கொடுத்துடும்" என்றான் விற்பனைப் பையன்.

"எது, செருப்பா, காலா?"

சிரிப்பான் என்று நினைத்தேன். அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டான். இந்த வாரத்தில் நான் வாய்விட்டுச் சொன்ன ஒரே வேடிக்கை அது.

மார்ச் 19

போனில் ஒரு காணொளி. ஒரு பெண் சமையலறை மேசையிலேயே தனக்குக் காலணி தைத்துக்கொள்கிறாள். காலுக்குத்தான் காலணி, காலணிக்குக் கால் இல்லை என்கிறாள். நியாயம்தானே? தோல், ரப்பர் தகடு, குத்தூசி, மெழுகு தடவிய நூல், பசை. அவ்வளவுதான். எனக்குச் சட்டைப் பொத்தான் தைக்க வரும். போதாதா?

மார்ச் 22

போதாது.

ஆனால் தோல் கிடைத்துவிட்டது. எங்கே தேடுவது என்று யோசித்தபடி சோபாவில் உட்கார்ந்திருந்தேன் – உட்கார்ந்திருப்பதே தோல் மேல்தானே! சுவரோடு ஒட்டிக் கிடக்கும் அதன் முதுகை யார் பார்க்கப்போகிறார்கள்? உரித்துவிட்டேன். அவள் பிடிவாதம் பிடித்து வாங்கிய சோபா. பார்த்தால் என்னையும் உரிப்பாள். பார்த்தால்தானே.

மார்ச் 28

அளவெடுப்பதில் மாட்டிக்கொண்டேன். காகிதத்தின் மேல் நிமிர்ந்து நிற்க வேண்டும். உடம்பின் பாரம் முழுக்க இறங்கினால்தான் கால் அதன் அகலத்துக்குப் பரவும். நானே குனிந்து வரைந்தால் பென்சிலும் சாய்கிறது, நானும் சாய்கிறேன். காணொளியில் அந்தப் பெண்ணுக்கு அவள் கணவன் வரைகிறான். கூசுகிறது என்று சிரிக்கிறாள். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். எதற்கு?

நாணயக்கூடத்தில் நிற்பவரைக் கேட்கலாமா? மணிக்கூண்டு என்றுதான் எல்லோரும் அவரைச் சொல்வார்கள். உயரமும் அப்படி, கேட்காமலே மணி சொல்லும் பழக்கம் வேறு. ஆனால் எப்படிக் கேட்பது? "வீட்டுக்கு வந்து என் காலைப் பிடிங்க" என்றா? பதவி உயர்வுக்காக யார் யாரோ யார் காலையோ பிடிக்கிறார்கள். என் காலைப் பிடிக்க ஓர் ஆள் இல்லை.

தனியாகவே சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு வீடு முன்பைவிட அமைதியாகிவிட்டது.

ஏப்ரல் 4

காலை நனைத்துக்கொண்டு செய்தித்தாள் மேல் நின்றேன். ஈரம் காய்வதற்குள் தடத்தைச் சுற்றி வரைந்துவிட வேண்டும் என்று பென்சிலை எடுக்க ஓடினேன். ஈரக்கால். வழுக்கி, தரையோடு தரையாக விழுந்தேன்.

முழங்கையில்தான் அடி. பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் எழுந்திருக்காமல் கிடந்தேன். மண்டையில பட்டிருந்தா? யாருக்குத் தெரியும்? திங்கட்கிழமை வேலைக்கு வரலேன்னா மணிக்கூண்டு கேப்பாரா? இல்ல, இவன் லீவு போட்டுட்டான்னு விட்டுடுவாரா?

எழுந்தபோது தடம் காய்ந்துபோயிருந்தது. மறுபடி நனைத்தேன்.

ஏப்ரல் 5

"வேற?"

"ஒண்ணுமில்ல."

ஏப்ரல் 18

முதல் ஜோடி முடிந்தது. விரல்கள் விரிந்து கிடக்கின்றன, அதுவரை சொர்க்கம். ஆனால் இரண்டு அடி வைத்தால் குதிகால் கழன்றுவிடுகிறது. டப், டப் என்று அறைக்கு அறை நடந்து பார்த்தேன். வேலைக்குப் போட்டுப் போனால் சிலைகள்கூடத் திரும்பிப் பார்க்கும்.

இருந்தாலும் கழற்ற மனமில்லை. வீட்டில் ஏதோ ஒரு சத்தம்.

ஏப்ரல் 23

மகளிடமிருந்து செய்தி. மச்சினிக்கு இந்த ஊர் ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சையாம். 'சித்தியப் பாத்துக்க அம்மா பத்து நாள் வர்றாங்க.' தங்கையைப் பார்த்துக்கொள்ளத்தான் வருகிறாள். ஆனாலும் படுக்கை விரிப்பை மாற்றினேன். அடுப்பைத் தேய்த்தேன். சோபாவைச் சுவரோடு இன்னும் இறுக்கித் தள்ளினேன்.

ஏப்ரல் 27

வந்ததும் வராததுமாகத் துடைப்பத்தை எடுத்தாள். சோபாவை இழுத்தாள்.

"ஐயோ! இதுக்கு என்னங்க ஆச்சு? எலி கடிச்சுதா?"

காலணியைக் கொண்டுவந்து காட்டினேன். நடந்தும் காட்டினேன். டப், டப். அவள் துடைப்பத்தோடு அப்படியே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "வாத்து, வாத்து!" நானும் சிரித்தேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு இந்த வீட்டில் இரண்டு பேர் சிரிக்கும் சத்தம்.

கழற்றியபோது விரலைப் பார்த்துவிட்டாள். சிரிப்பு நின்றது.

"எவ்வளவு நாளா இப்படி?"

"ஆச்சு கொஞ்ச நாள்."

"வாராவாரம் வேற, வேறன்னு கேக்கறேனே, நான் யாரைக் கேக்கறேன்?"

அளவெடுக்க ஆளில்லை என்று மட்டும் சொன்னேன். காகிதத்தை விரித்துத் தரையில் உட்கார்ந்தாள். "நிமிர்ந்து நில்லுங்க. ஆடாதீங்க." குதிகாலைப் பிடித்து நேராக வைத்தாள். கை சில்லென்று இருந்தது. பென்சில் சுண்டுவிரலருகே வந்ததும் மெதுவாகப் போனது. நான் எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேலையில் நிற்பதுபோல.

மே 1

அவளும் விந்தி விந்தித்தான் நடக்கிறாள். காலையில் எழுந்ததும் குதிகாலை ஊன்ற முடியவில்லையாம். "அங்க யாரு உக்கார விடறா? குழந்தை, சமையல், துணி. அவங்க ரெண்டு பேரும் வீடு வந்து சேரவே இருட்டிடும்." இருப்பது சில நாள்தான். என்னுடையது அப்புறம், முதலில் உனக்கு என்றேன்.

இந்த முறை நான் தரையில், அவள் காகிதத்தின் மேல். பாதி வரைந்திருப்பேன். தலைக்கு மேலிருந்து சொன்னாள்:

"போயி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. நீங்க ஒரு தடவைகூட வான்னு சொல்லலியே."

பென்சில் நின்றுவிட்டது. நீ அங்கே சந்தோஷமாக இருக்கிறாய், நான் குறுக்கே வரக் கூடாது என்றுதானே இருந்தேன்? அதைச் சொல்லலாம். இல்லை, அந்த ஒரு வார்த்தையையே சொல்லலாம்.

"அசையாதே, கோடு தப்பிடும்" என்றேன்.

கடவுளே. அதையா சொல்வாங்க?

மே 7

குதிகாலுக்கு அடியில் இரண்டு அடுக்குப் பஞ்சுத்துணி வைத்துத் தைத்தேன். பின்புறத்தை உயர்த்தினேன், கழலவில்லை. விரலில் குத்தாத இடம் பாக்கியில்லை. நேற்றுதான் முடிந்தது.

இன்று ரயில் நிலையம். படிக்கட்டில் கைப்பிடியைத் தொடாமல் ஏறினாள். "நல்லா இருக்குங்க" என்று ஒரு தரம் சொன்னாள். பிறகு பெட்டி எண்ணைத் தேடிக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓட வேண்டியிருந்தது. நான் தைத்துக் கொடுத்த காலணியில்தான் போனாள். வலியில்லாமல், வேகமாக.

மே 10

ஞாயிறு. நானே கூப்பிட்டேன்.

"கால் எப்படி?"

"பஞ்சு மாதிரி இருக்கு. வேற?"

"வா."

ஒரே ஓர் எழுத்து. சொன்னதும் வியர்த்துவிட்டது. "பாப்பா அழறா, வச்சிடறேன்" என்றாள்.

எந்தக் குழந்தையும் அழுத சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

மே 17

ஞாயிறு. போன் வரவில்லை.

மே 20

மகள் கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

"அம்மாகிட்ட என்னப்பா சொன்னீங்க? பெட்டிய எடுக்கறதும் உள்ள வைக்கறதுமா இருக்காங்க. கேட்டா ஒண்ணுமில்லங்கறாங்க."

"வரச் சொன்னேன்."

"அப்ப இவளை யாரு பாத்துப்பா? யோசிச்சீங்களா?"

யோசிக்கவில்லை. அதைத்தான் சொன்னேன். "என் பொண்டாட்டிம்மா அவ" என்றும் சொன்னேன். அதை ஏன் அவ்வளவு உரக்கச் சொன்னேன்? மகள் வைத்துவிட்டாள். அவள் கேட்டதிலும் தப்பில்லை.

மே 31

என் ஜோடி முடிந்தது. கறுப்புச் சாயம் பூசி வேலைக்குப் போட்டுப் போனேன். மேலதிகாரி கவனிக்கவே இல்லை. மணிக்கூண்டுதான் குனிந்து பார்த்து, மணி சொல்ல மறந்து நின்றார். "சார், எனக்கும் ஒண்ணு?" வீட்டுக்கு வாங்க, அளவெடுக்கிறேன் என்றேன். தயங்கினார். "காலைக் காட்ட ஒரு மாதிரி இருக்கு சார்." எனக்குத் தெரியாதா!

கால் வலி இல்லை. சாயங்காலம் வரை கூடத்தில் நின்று, வேறெது வலிக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

ஜூன் 21

குழந்தையைக் காப்பகத்தில் சேர்த்துப் பார்க்கிறார்களாம். முதல் வாரம் முழுக்க அழுகையாம். அவள் சொல்லவில்லை, மாப்பிள்ளை சொன்னார்.

ஜூலை 12

இனி ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே. அவளே முடிவெடுத்து, அவளே டிக்கெட் எடுத்து, வியாழக்கிழமை வந்துவிட்டாள். மகள் என்னோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இவளைக் கேட்டால், "ஆறிடும், விடுங்க" என்கிறாள். ஆனால் மூன்று நாளாகக் குழந்தையின் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறாள். கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறாள்.

இன்றைக்கு எழுத இன்னும் இருக்கிறது. ஆனால் இத்தோடு இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டாள்.

"அப்படி என்னத்தைத்தான் எழுதறீங்க? அதை இங்க வந்து என்கிட்ட சொல்லுங்களேன்."

சரி. போகிறேன்.