பச்சை லேஞ்சி

புதன்கிழமை, இரவு.

பீடி இலை கடத்திய வழக்கில் பிள்ளைகளின் வாப்பாவுக்கு மறியல் தண்டனை விழுந்தபோது, எங்கள் அலுமாரியில் பொலிஸ் எடுத்த பணத்தையும் பறிமுதல் செய்துவிட்டார்கள். அது இலை விற்ற பணம் இல்லை என்று காட்டினால் திரும்பக் கிடைக்கும், சாட்சி சொல்ல ஓர் ஆள் இருக்கிறது என்று லோயர் சொல்லியிருந்தார். நம்பிப் புத்தளம் கோட்டுக்குப் போனேன்.

அந்த ஆள் நஸீரா. கற்பிட்டியில் கருவாட்டுக் கடை வைத்திருப்பவள். அவளைப் பிள்ளைகளின் வாப்பாவோடு சேர்த்து ஊர் கதைத்ததை நான் இதுவரை நம்பவில்லை.

"போட் எஞ்சின் வாங்க நான்தான் குடுத்த. பச்சை லேஞ்சில கட்டிக் குடுத்த. ஓரத்துல மஞ்சள் பூ, நானே தைச்ச" என்று நீதவானிடம் சொன்னாள். சீல் வைத்த பொதியைப் பிரித்தார்கள். பச்சை லேஞ்சிதான். மஞ்சள் பூதான்.

அதே பூவோடு இன்னொரு லேஞ்சி இங்கே அலுமாரியில் இருக்கிறது. முகம் துடைக்கச் சந்தையில் வாங்கியதாம். எத்தனை தடவை கழுவி மடித்து அவர் பையில் வைத்திருப்பேன்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ராத்தா, காசு கிடைச்சா உங்கட புள்ளைகளுக்குத்தான். எனக்கு ஒரு சதமும் வாணாம்."

அவள் கையில் கருவாட்டு வாடைகூட இல்லை.

தீர்ப்பு அடுத்த மாதம். மூத்தவளின் வகுப்புக் காசு இரண்டு மாதமாகக் கட்டவில்லை. இஷா தொழுதுவிட்டு துஆவுக்குக் கை ஏந்தினேன். அந்தப் பணம் அரசாங்கத்துக்கே போகட்டும் என்று கேட்டேன்.