ஐஸில் வைத்த அழுகை

உன்னுடைய இலைக்கஞ்சியை இப்போது வெள்ளவத்தையில் பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றி, ஸ்ட்ரோ போட்டு விற்கிறார்கள். எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே, முன்பு ரியூசன் வகுப்பு நடந்த இடத்தில் ஒரு ஜூஸ் கடை திறந்திருக்கிறார்கள். இன்று காலை சந்தையிலிருந்து திரும்பும்போது, உள்ளே ஒரு பெண் வல்லாரையை மெஷினில் போட்டு அடித்துக்கொண்டிருந்தாள். காலி வீதியின் பஸ் புகையையும் தாண்டி அந்தப் பச்சை மணம் வந்து என்னைப் பிடித்து நிறுத்தியது.

"அன்ரி, ஒண்டு குடிச்சுப் பாருங்கோ. ஹார்ட்டுக்கு நல்லம்" என்றாள் அந்தப் பெண்.

"தெரியும் பிள்ளை. கன வருஷம் குடிச்சனான்."

"ஆர் செய்து தந்தது?"

"என்ரை சிநேகிதி" என்று சொல்லும்போதே எனக்குக் குரல் உடைந்துவிட்டது. பாவம், அவள் பயந்துபோய் ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். நான் அதில் இருந்து, உன் கஞ்சியைக் காசு கொடுத்துக் குடித்தேன். மிளகு போதாது. தேங்காய்ப்பால் விட்டதே தெரியவில்லை. நீ குடித்திருந்தால் அந்தப் பெண்ணைத் தள்ளிவிட்டு மெஷினுக்கு முன்னால் நீயே நின்றிருப்பாய்.

மேலே வந்ததிலிருந்து உன்னோடுதான் கதைத்துக்கொண்டிருக்கிறேன்.

புறக்கோட்டைக் கந்தோரில் நாங்கள் இருவரும் ஒரே மேசையின் இரண்டு பக்கமும் இருந்து வேலைசெய்த காலம் நினைவுக்கு வருகிறது. ஒருகொடவத்தைச் சுங்கத்தில் வந்து நிற்கும் கொண்டெய்னர்களை வெளியே எடுப்பதற்கான கடதாசி வேலை எல்லாம் எங்கள் தலையில்தான். நான் கோட்டைவரை ரயிலில் வந்து இறங்குவேன். நீ கொட்டாஞ்சேனையிலிருந்து குடையும் பிளாஸ்குமாக நடந்தே வருவாய். தேநீர் நேரத்தில் எல்லாரும் பணிஸையும் பால் தேத்தண்ணியையும் தேடிப் போக, நீ மூடியைத் திறப்பாய். அந்த மணத்துக்கு அடுத்த மேசைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்காருவார்.

"உன்ரை வயிறு என்ன குப்பைத் தொட்டியே?" என்று என் கையிலிருந்த றோல்ஸைப் பறித்து வைத்துவிட்டு, அரைக் கோப்பை கஞ்சியை என் பக்கம் தள்ளுவாய். உனக்குப் பயந்து நான் படிக்கட்டில் நின்று றோல்ஸ் தின்ற நாட்கள் உண்டு. உன் வீட்டில் வெள்ளைச் சீனி இல்லை, கோதுமை மா இல்லை. குரக்கன் பிட்டும் சிவப்பரிசிச் சோறும்தான். மீன் என்றால் அன்று பிடித்த மீன். ஐஸில் கிடந்ததை நீ தொடமாட்டாய். கொட்டாஞ்சேனைச் சந்தையில் மீன்காரனிடம் செவுளைத் திறந்து காட்டச் சொல்லிச் சிங்களத்தில் நீ பிடிக்கும் சண்டையைப் பார்க்கவே நான் சில சனிக்கிழமைகளில் உன்னோடு வந்திருக்கிறேன்.

இவ்வளவு ஒழுங்காக வாழ்ந்த உனக்கு நெஞ்சில் வருத்தம் வரும் என்று யார்தான் நினைத்தோம்?

உன் தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போனபோது நீ பள்ளிக்கூடம்கூட முடிக்கவில்லை. தம்பி சின்னவன். தாயின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நீ அழுததைப் பார்த்து அவன் உடம்பு நடுங்கியதாம். அன்றைக்கு முகத்தைத் துடைத்தவள்தான் நீ. "நான் அழுதா அவன் பயந்திடுவான்" என்று ஒருமுறை எனக்குச் சொன்னாய். அவன் வளர்ந்து, கனடா போய், கல்யாணம் கட்டி, பிள்ளைகளும் பெற்றான். தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து நீ வீட்டுக்குள் கால் வைக்கவும் அவன் போன் அடிக்கவும் சரியாக இருக்கும். "கஞ்சிக்கடை திறந்தாச்சோ?" என்றுதான் தொடங்குவான். அந்தப் போனுக்காகத்தான் உனக்கு ஞாயிற்றுக்கிழமை விடிந்தது.

அவன் வேலைத்தலத்தில் விழுந்தான், பிறகு எழும்பவில்லை. உனக்கு விசா கிடைப்பதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. குரக்கன் மா டின்னில் போனைச் சாய்த்து வைத்து, உன் தம்பியின் அடக்கத்தை நாம் பார்த்தோம். அவனுடைய மகள் திரைக்குள் வந்து "மாமி" என்று கதறியபோது நீ சிரித்த முகத்தோடு, "மாமி இருக்கிறன் குஞ்சு, அழாதைங்கோ" என்றாய். பிறகு எழும்பிப் போய், வந்திருந்த சனத்துக்குப் பிளேன் ரீ ஊற்றினாய்.

"நீ இரு, நான் ஊத்துறன்" என்றேன்.

"நீ சாயம் கூட விடுவாய். தள்ளு."

சனம் உன் மனத்தைரியத்தைப் புகழ்ந்துகொண்டு போனது. எனக்கோ உன் கையைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஒரு துளி சிந்தாமல் ஊற்றியது அந்தக் கை.

அதே கிழமையில் ஒரு காலை உன் மனுஷன் எனக்குப் போன் எடுத்தார். "தங்கச்சி, ஒருக்கா வாறீங்களே? இவளுக்கு நெஞ்சு நோகுது. வாயு எண்டு சொல்லி இஞ்சிச்சாறு குடிச்சுக்கொண்டு இருக்கிறாள். நான் சொன்னாக் கேக்கிறாள் இல்லை."

நான் ஓட்டோ பிடித்து வந்தபோது நீ வியர்த்துப்போய்க் கதிரையில் சாய்ந்திருந்தாய். "கல் வச்ச மாதிரி இருக்கடி" என்றாய். வாயு என்று சொல்ல உனக்கு அப்போது மூச்சு வரவில்லை. உன்னைப் படியால் இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

உன்னைப் பார்த்த டொக்டரை நினைவிருக்கிறதா? எங்கள் வயதில் ஒரு சிங்களப் பெண். எல்லாப் பரிசோதனையும் முடிந்தபின் உன் கட்டிலில் வந்து இருந்து, சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். இதயத்துக்குப் போகும் குழாய்களில் அடைப்பு இல்லை, சுத்தமாக இருக்கின்றன என்றார். அந்த நோவுக்குள்ளும் நீ என் பக்கம் திரும்பி, "கேட்டியே? வல்லாரை!" என்றாய். டொக்டர் தொடர்ந்தார். ஆனால் இதயத்தின் ஒரு பகுதி சோர்ந்து பலூன் போல ஊதி நிற்கிறது. பெரிய துக்கமோ அதிர்ச்சியோ வந்தால் சிலருக்கு, அதுவும் எங்கள் வயதுப் பெண்களுக்கு, இப்படி ஆவதுண்டு. பெரும்பாலும் திரும்பச் சரியாகிவிடும் என்றார். பிறகு, "வீட்டில் ஏதும் நடந்ததா?" என்று கேட்டார்.

"ஒண்டுமில்லை" என்றாய், அதையும் நல்ல சிங்களத்தில்.

நான் பொறுக்கமாட்டாமல், "இவளின்ரை தம்பி செத்துப்போனான். தாயில்லாமல் இவள்தான் அவனை வளர்த்தது" என்று சொல்லிவிட்டேன்.

டொக்டர் உன் கையைப் பிடித்தார். நீ அதை மெதுவாக இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாய். அவர் போனபின், "நீ ஏன் சொன்னனீ?" என்று கேட்டாய்.

"நான் சொல்லாட்டி ஆர் சொல்லுறது?"

நீ போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாய்.

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி உன்னை வீட்டுக்கு விட்டபோது, வீட்டில் ஓயாமல் சனம் வருகிறது என்று உன் மனுஷன் உன்னைக் கொஞ்ச நாள் என் ஃபிளாட்டில் கொண்டுவந்து விட்டார். பின்னேரங்களில் மெதுவாக நடந்து கடற்கரைக்குப் போவோம். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், கல்லுகளில் இருந்து கடலைப் பார்ப்போம். உனக்கு ஒரே கேள்விதான். "நான் என்ன பிழை விட்டனான்? சீனியை விட்டன், எண்ணெயை விட்டன். நேரத்துக்குப் படுக்கிறன், நடக்கிறன். பிறகும் ஏன் எனக்கு?" என் பதில் எதையும் நீ எடுத்துக்கொள்ளவில்லை.

அப்படி ஒரு பின்னேரம்தான் உன் தம்பியின் மகள் போன் எடுத்தாள். இரைச்சலில் கேட்காது என்று நீ ஸ்பீக்கரில் போட்டாய். அவள் முதலில் உன் சுகத்தைக் கேட்டாள், மருந்தைக் கேட்டாள். பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள்.

"மாமி, ஒண்டு சொல்லட்டே? அண்டைக்கு நீங்கள் அழேல்லை. சிரிச்சுக்கொண்டு இருந்தனீங்கள். உங்களுக்கு அப்பாவில பாசமே இல்லையோ எண்டு நினைச்சிட்டன். சரியான கோபத்தில இருந்தனான்."

"பிறகு எடுக்கிறன் குஞ்சு" என்று வைத்துவிட்டாய். அந்த நேரம் கோட்டைப் பக்கமிருந்து ரயில் வந்தது. அது எங்கள் முதுகுக்குப் பின்னால் தடதடவென்று போகும்போது உன் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். அந்தச் சத்தத்துக்குள் நீ அழத் தொடங்கினாய். யாருக்கும் கேட்காது என்று நினைத்திருப்பாய். ரயில் போய்விட்டது. நீ நிறுத்தவில்லை. தம்பியின் பெயரைச் சொல்லிச் சொல்லி, அவன் சின்ன வயதில் உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நித்திரையானதைச் சொல்லி, வாய்விட்டுக் கத்தினாய். வடை விற்றுக்கொண்டு வந்தவர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நின்றார். டொக்டர் உன்னை ஆறுதலாக இருக்கச் சொன்னாரே, ஏதும் நடந்துவிடுமோ என்று பயந்தேன். உன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

இருட்டத் தொடங்கிய பிறகுதான் நீ மூக்கைச் சிந்திவிட்டு என்னைப் பார்த்தாய். "ஐஸில வச்ச மீனைத் தொடமாட்டன் எண்டு சண்டை பிடிச்ச நான், என்ரை தம்பியை ஐஸில வச்சிட்டனடி" என்றாய்.

வீட்டுக்கு வந்து நீயே அந்தப் பிள்ளைக்குப் போன் எடுத்தாய். நான் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போய்விட்டேன். நீங்கள் இருவரும் அழுததும், நடுவில் தம்பியின் பகிடி ஒன்றைச் சொல்லிச் சிரித்ததும் சுவர் தாண்டிக் கேட்டது.

அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் நீ பயந்து பயந்து கேட்டாய், இப்படி அழுதது பிழையா என்று. அழுகையை அடக்கியதால்தான் இது வந்தது என்று தன்னால் சொல்ல முடியாது, ஆனால் துக்கத்தை இனித் தனியே சுமக்கவேண்டாம் என்றார் அவர். மாதங்கள் கழித்துத் திரும்ப ஸ்கான் செய்தபோது உன் இதயம் பழையபடி சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. கோயிலடியில் உனக்குத் தெரிந்த ஒருவர், இயற்கையாக வாழ்கிறவர்களுக்கு டொக்டரின் குளிசை எதற்கு, நிறுத்திவிடு என்று புத்தி சொன்னார். "என்ரை கஞ்சிக்கும் குளிசைக்கும் சண்டை இல்லை. நீங்கள் ஏன் மூட்டிவிடுறீங்கள்?" என்று கேட்டு அவரை அனுப்பினாய்.

அதன்பின் உன்னோடு பழகுவது முன்பைவிடக் கஷ்டமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. கோபம் வந்தால் கோபப்பட்டாய். பூசையில் பாட்டு உருக்கமாக இருந்தால் அங்கேயே அழுதாய். சிரித்தால் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. உன் மனுஷன் ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டு, "தங்கச்சி, டொக்டர் நல்ல மருந்துதான் குடுத்திட்டா. பக்கவிளைவு எல்லாம் எனக்குத்தான்" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

கடைசியில் உன்னைக் கொண்டுபோனது நெஞ்சு இல்லை. கணையத்தில் வந்த புற்றுநோய். அது தெரிந்தபோது எதுவும் செய்யும் காலம் தாண்டியிருந்தது. பார்க்க வந்த ஒருத்தி, "இவ்வளவு கட்டுப்பாடா இருந்தும் என்ன பிரயோசனம்?" என்று கேட்டுவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. உனக்கு வரவில்லை. "சாகாமல் இருக்கவே நான் கஞ்சி குடிச்சனான்? இருந்த நாளில சுகமா இருந்தன். அது காணும்" என்றாய்.

கஞ்சி இறங்காமல்போன நாட்களில் நீ என்னிடம் ஐஸ்கிறீம் கேட்டாய். நான் நம்பவில்லை. இறங்கிப் போய் வனிலா வாங்கிவந்து கரண்டியால் தீத்தினேன். கண்ணை மூடி உருசி பார்த்துவிட்டு, "சீனி கூடிப்போச்சு" என்றாய். பிறகு, "இன்னும் கொஞ்சம் தா" என்றாய்.

உன் அடக்கத்தன்று நான் உன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். யாரோ என் தோளைத் தொட்டு, "பிரஷர் ஏறும், அழாதைங்கோ" என்றார்கள். அழுது வீங்கிய முகத்தோடு உன் மனுஷன்தான் அவர்களைத் தடுத்தார். "விடுங்கோ, அவ அழட்டும்."

இன்று ஜூஸ் கடையிலிருந்து மேலே ஏறி வந்து கொஞ்ச நேரத்தில், மெல்பேணிலிருந்து என் மகன் போன் எடுத்தான். "எப்பிடி அம்மா, சுகமோ?" என்று வழக்கம்போலக் கேட்டான். நல்லா இருக்கிறன், சாப்பிட்டியா என்பதுதான் என் வழக்கமான பதில். இன்று என் வாயில் அது வரவில்லை.

"இல்லை மகன், இண்டைக்கு நான் நல்லா இல்லை. அன்ரியை நினைச்சு அழுதுகொண்டிருக்கிறன்."

அவன் சொன்னான், "அம்மா, நானும் நல்லா இல்லை." மனைவி பிரிந்து போய் மாதங்கள் ஆகிவிட்டனவாம். இவ்வளவு நாளும் என்னோடு சிரித்துச் சிரித்துக் கதைத்த பிள்ளை. "சொன்னா நீங்கள் பயந்திடுவீங்கள் எண்டு சொல்லேல்லை" என்றான்.

"பயப்பிடுவன்தான். பயந்தாலும் கேப்பன். சொல்லு" என்றேன்.

அவன் சொல்லத் தொடங்கினான். நடுவில் குரல் உடைந்து, வளர்ந்த ஆம்பிளை, சின்னப் பிள்ளைபோல அழுதான். 'அழாதை ராசா' என்பது என் வாய்வரை வந்தது. நான் அதைச் சொல்லவில்லை. கதிரையை ஜன்னலடிக்கு இழுத்துப் போட்டு, போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவன் அழுது முடியும்வரை இருந்தேன்.